அட்டை கடிச்சா முழங்கால் வலி போகுமா, டாக்டர்?

"டாக்டர், ஒண்ணு கேட்கணும். திட்டக் கூடாது."

ஒரு பேஷன்ட் இப்படி ஆரம்பித்தால், காரியம் ஏற்கெனவே பாதி நடந்துவிட்டது என்று அர்த்தம்! கேட்டவர், மயிலாப்பூர் மாடவீதிப் பக்கத்திலிருந்து மாதம் ஒரு முறை பி.பி. பார்த்துக்கொள்ள வரும் மாமி. வயது 66. ஷுகர் 15 வருஷமாக இருக்கிறது. 8 மாதம் முன்பு நெஞ்சு வலி வந்து, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் மாமியைப் படுத்துவது இதயம் இல்லை, முழங்கால்!

"தி.நகர்ல என் நாத்தனார் இருக்காளோல்லியோ, அவ ஃப்ளாட்டுக்கு ஒருத்தர் வரார். பாட்டில்ல அட்டை கொண்டு வந்து முழங்கால்ல விடறார். கெட்ட ரத்தத்தையெல்லாம் அப்படியே உறிஞ்சிடறதாம். நாலே சிட்டிங்தான். வர வெள்ளிக்கிழமை எனக்கும் வரச் சொல்லியிருக்கேன். 500 ரூபாய் அட்வான்ஸ்கூடக் கொடுத்தாச்சு."

பக்கத்து நாற்காலியில் இருந்த மாமா தலைக்கு மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்வான்ஸ் விஷயம் அவருக்கும் அப்போதுதான் தெரியும் போலிருக்கிறது.

"மாமி, அவர் உங்ககிட்ட என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டாரா?"

"கேட்கலையே... எதுக்குக் கேட்கணும்? அது மருந்தே இல்லையே, வெறும் அட்டைதானே!"

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு பதில்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அட்டை வைத்தியத்துக்கு எதிரி இல்லை. உலகத்தின் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் முடிந்த கையோடு சர்ஜன்களே அட்டையைக் கூப்பிடுகிற காலம் இது. ஆனால் 'வெறும் அட்டைதானே' என்பது மட்டும் சரியில்லை. அட்டையின் வாயில் இருப்பது வீரியமான மருந்து. மாமி தினமும் விழுங்குகிற மாத்திரைகளுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன்!

அது பூச்சியே இல்லை!

'அட்டைப் பூச்சி' என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோம். உண்மையில் அது பூச்சி இனமே இல்லை. ஆறு கால் கிடையாது, இறக்கை கிடையாது. மழைக்கு நெளிந்து வரும் மண்புழுவின் நெருங்கிய உறவு. வால்பாறை, மூணாறு என்று டூர் போகும்போது காலில் ஏறுவது நிலத்தில் வாழும் சின்ன அட்டை. வைத்தியத்துக்கு எடுப்பது அதுவல்ல. மாடும் எருமையும் இறங்கிக் குளிக்கும் குளத்தில் இருக்கும் பெரிய நீர் அட்டை. ஐரோப்பாவில் பயன்படுவது அதற்குப் பங்காளியான வேறொரு இனம்.

அதன் உடம்பில் முன்னால் ஓர் உறிஞ்சி, பின்னால் ஓர் உறிஞ்சி. பின் உறிஞ்சி பிடித்துக்கொள்ள. முன் உறிஞ்சிக்குள் இருக்கிறது வாய். அதில் மூன்று தாடைகள், ஒவ்வொன்றிலும் ரம்பம் போல நூறு பற்கள் வரை இருக்கும். மூன்று தாடையும் சேர்ந்து அறுப்பதால், கடித்த இடத்தில் பென்ஸ் கார் முத்திரை மாதிரி ஒரு சின்ன அடையாளம் விழும். அரை மணி, முக்கால் மணி உறிஞ்சிவிட்டு, வயிறு நிறைந்ததும் தானே கழன்று விழுந்துவிடும். குடிப்பது என்னவோ 5 முதல் 10 மில்லி. ஒரு டீஸ்பூன், இரண்டு டீஸ்பூன்! அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் பல மாதம் ஓட்டிவிடும்.

"இவ்வளவுதானா? பிளட் டெஸ்ட்டுக்கே இதுக்கு மேல எடுக்கிறாளே!" என்றார் மாமா. நியாயமான கேள்வி. விஷயம், அட்டை குடிப்பதில் இல்லை. விட்டுவிட்டுப் போவதில் இருக்கிறது. அட்டை விழுந்த பிறகும் அந்தக் கடிவாயிலிருந்து மணிக்கணக்கில் ரத்தம் கசியும். சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். மொத்தக் கணக்கில், அட்டை குடித்ததைவிடப் பின்னால் கசிவதுதான் பெரும்பாலும் அதிகம்.

ஏன் நிற்பதில்லை? சமையலறைக்கு வாருங்கள். பால் தயிராவதற்கும் ரத்தம் கட்டுவதற்கும் தமிழில் ஒரே சொல்தான்: உறைதல். காய்ச்சிய பால் தானாக உறையாது, ஒரு ஸ்பூன் உறைமோர் விட வேண்டும். ரத்தத்தில் அந்த உறைமோர் வேலையைச் செய்கிற பொருளுக்கு த்ராம்பின் என்று பெயர். காயம் பட்டதும் த்ராம்பின் உருவாகி, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஒரு புரதத்தை நார் நாராகப் பின்னி, ஓட்டையை அடைத்துவிடும். அட்டையின் உமிழ்நீரில் இருக்கிற ஹிருடின் என்ற பொருள் போய் அந்த த்ராம்பினின் கையைக் கட்டிப் போட்டுவிடுகிறது. உறைமோரைத் திருடிவிட்டால் பால் எப்படி உறையும்?

அட்டையின் சுரப்பு ரத்தத்தை உறையவிடாது என்பதை 1884ல் கண்டு சொன்னவர் ஹேகிராஃப்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். அதைத் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டியவர் ஜெர்மனியின் மார்க்வார்ட், அது 1950களில். அதோடு போயிற்றா? ஹிருடினை மாதிரியாக வைத்தே பைவாலிருடின் என்ற ஊசி மருந்தை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் 2000ல் அனுமதி பெற்ற இந்த மருந்து, இதய ரத்தக் குழாய் அடைப்பை பலூன் வைத்து நீக்கும்போது இன்றும் பயன்படுகிறது. அதாவது, அட்டையைப் பார்த்து முகம் சுளிக்கும் பல பேர் அதன் வாரிசை நரம்பு வழியாக ஏற்றிக்கொண்டிருக்கக் கூடும்!

ஹிருடின் மட்டும் இல்லை. ரத்தத் தட்டணுக்கள் காயத்தில் ஒட்டாமல் தடுக்கிற காலின், இதெல்லாம் சதைக்குள் பரவ வழி செய்து கொடுக்கிற ஹயலுரோனிடேஸ் என்று ஒரு கூட்டமே அந்த உமிழ்நீரில் இருக்கிறது.

பாண்டிய நாட்டுச் சரக்கு

நம் நாட்டில் அட்டை வைத்தியம் எவ்வளவு பழசு தெரியுமா? சுஸ்ருத சம்ஹிதையில் அட்டைக்கென்றே ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. 12 வகை அட்டைகளைச் சொல்லி, 6 விஷமுள்ளவை, 6 விஷமில்லாதவை என்று பிரிக்கிறார் சுஸ்ருதர். விஷமில்லாத நல்ல அட்டை எங்கே கிடைக்கும் என்று அவர் தரும் ஊர்ப் பட்டியலில் பாண்டிய நாடும் இருக்கிறது. மதுரை மல்லிக்கு முன்னால் மதுரை அட்டை பேர் வாங்கியிருக்கிறது!

ரத்தம் எடுக்கப் பல வழிகள் இருந்தும் அட்டையை யாருக்கு வைத்தார்கள் என்பது சுவாரசியம். அரசர்கள், பணக்காரர்கள், குழந்தைகள், முதியவர்கள், பெண்கள், பயந்த சுபாவம் உள்ளவர்கள். கத்தி படாத, மிருதுவான முறை என்று அதை நினைத்தார்கள். செய்முறையும் படு நுணுக்கம். அட்டையை மஞ்சளும் கடுகும் அரைத்துக் கலந்த நீரில் விட்டு, பிறகு நல்ல தண்ணீரில் விட்டு, அப்புறம்தான் உடம்பில் வைக்க வேண்டும். கடிக்க மறுத்தால் அந்த இடத்தில் ஒரு சொட்டுப் பாலோ ரத்தமோ வைக்க வேண்டும். கடித்ததும் ஈரத் துணியால் மூட வேண்டும். குடித்து முடித்த அட்டையை மெதுவாக நீவி, குடித்ததைக் கக்க வைத்து, தண்ணீரில் விட வேண்டும். கக்காத அட்டை நோய்வாய்ப்படும் என்பதுவரை சொல்லியிருக்கிறது. நோயாளியைப் போலவே அட்டையையும் கவனித்திருக்கிறார்கள்.

தன்வந்திரியின் கையில் அமிர்த கலசம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த முறை ஸ்ரீரங்கம் போகும்போது தன்வந்திரி சந்நிதியில் இன்னொரு கையையும் கவனியுங்கள். அதில் இருப்பது அட்டை!

சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை. கட்டு, பற்று, ஒற்றடம், தொக்கணம் என்று போகும் அந்த வரிசையில் 'அட்டை விடல்' ஒன்று. யுனானி ஹகீம்களிடமும் இந்த முறை உண்டு.

தி.நகர் வாசகர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. நீங்கள் பட்டுப்புடவை வாங்கப் போகிற உஸ்மான் ரோடு யார் பெயரில் இருக்கிறது? சர் முகமது உஸ்மான். நம் நாட்டு வைத்திய முறைகளை ஆராய 1921ல் மதராஸ் அரசு அமைத்த கமிட்டிக்கு அவர்தான் தலைவர். செயலாளராக இருந்தவர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. இவர் ஆங்கில மருத்துவம் படித்தவர், பிற்பாடு அடையாறு நூலகத்தின் இயக்குநராகவும் இருந்தார். 1923ல் கமிட்டி அறிக்கை வந்தது. பனகல் அரசர் முதல்வராக இருந்த அந்தக் காலகட்டத்திலேயே, 1925ல், கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி வந்துவிட்டது. இன்றைய கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியின் பூர்வாசிரமம் அதுதான். சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றும் அங்கே முறையான பாடம் ஆயின. பாட்டில்காரர் கையிலிருந்து வைத்தியத்தைப் படித்தவர் கைக்குக் கொண்டுவரும் முயற்சி, நம் பனகல் பார்க், உஸ்மான் ரோடு பெயர்க்காரர்கள் காலத்திலேயே தொடங்கிவிட்டது!

பிரான்சைப் பிடித்த அட்டைப் பைத்தியம்

ஐரோப்பாவின் கதை வேறு. உடம்பில் ரத்தம் மிஞ்சினால் நோய், இறக்கினால் குணம் என்று அங்கே ஆயிரம் வருஷத்துக்கும் மேல் நம்பினார்கள். இங்கிலீஷில் அட்டையைக் குறிக்கும் 'லீச்' என்ற சொல் பழங்காலத்தில் வைத்தியரையும் குறித்தது. (பில்லைப் பார்த்துவிட்டு அது இன்றும் பொருந்துகிறது என்று சொல்லாதீர்கள்!)

உச்சகட்டம் 19ஆம் நூற்றாண்டு பாரிஸ். புரூஸே என்ற பிரபல டாக்டர், எந்த நோயானாலும் உள்ளே ஓர் அழற்சி, எந்த அழற்சிக்கும் அட்டை என்று ஒரே போடாகப் போட்டார். விளைவு, 1833ல் மட்டும் பிரான்ஸ் இறக்குமதி செய்த அட்டைகள் 4 கோடிக்கு மேல்! ஏழைப் பெண்கள் வெறும் காலோடு குட்டையில் இறங்கி நின்று, காலில் ஒட்டும் அட்டைகளைப் பிடித்து விற்றார்கள். குளங்கள் காலியாகின. ஐரோப்பிய மருத்துவ அட்டை இன்று சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் இருக்கிற உயிரினம்.

அந்தப் பைத்தியத்துக்கு மருந்து கொடுத்தவரும் பாரிஸ்காரர்தான். பியர் லூயி என்ற டாக்டர், 'நம்புகிறோம்' என்பதை விட்டுவிட்டு எண்ணிப் பார்க்க ஆரம்பித்தார். நிமோனியா நோயாளிகளில் சீக்கிரம் ரத்தம் எடுத்தவர் எத்தனை பேர், தாமதமாக எடுத்தவர் எத்தனை பேர், யார் பிழைத்தார், யார் போனார்? 1830களில் வந்த அந்தக் கணக்கு, ரத்தம் இறக்குவதால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டது. அட்டையின் மவுசு மெல்ல மெல்லச் சரிந்தது. ஆனாலும் 1953ல் ஸ்டாலின் மரணப் படுக்கையில் கிடந்தபோதுகூட அவருக்கு அட்டை வைத்துப் பார்த்தார்கள். காப்பாற்றவில்லை.

உஸ்மான் ரோடில் மழை

அப்படிப்பட்ட அட்டை எப்படி சர்ஜன்களின் தியேட்டருக்குள் திரும்பி வந்தது?

ஒரு விரல் துண்டாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஷினில் மாட்டிக்கொள்ளலாம், கதவில் நசுங்கலாம். இப்போது மைக்ராஸ்கோப் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக் குழாய்களைத் தைத்து விரலை ஒட்ட வைக்கிறார்கள். சென்னைக்கு இந்த வேலை புதிதல்ல. ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971லேயே கைக்கென்று தனி அறுவை சிகிச்சைப் பிரிவு தொடங்கியவர்.

இதில் ஒரு சிக்கல். ரத்தத்தை உள்ளே கொண்டுவரும் தமனியின் சுவர் கெட்டி, தைக்கலாம். வெளியே கொண்டுபோகும் சிரையோ ஈரமான டிஷ்யூ பேப்பர் மாதிரி. விரல் நுனியில் அது கண்ணுக்கே சிக்காது. தமனியைத் தைத்தாயிற்று, சிரையைத் தைக்க முடியவில்லை. என்ன ஆகும்?

ஐப்பசி மழையில் தி.நகரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மேலே கொட்டிக்கொண்டே இருக்கிறது. கீழே வடிகால் அடைப்பு. தண்ணீர் போக வழியில்லாமல் முழங்கால் அளவுக்குத் தேங்குகிறது. ஒட்டவைத்த விரலிலும் அதேதான். உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கும். விரல் வீங்கி, கறுநீலமாகி, கடைசியில் புது ரத்தம் உள்ளே நுழையவே இடம் இல்லாமல் செத்துப்போகும். அந்த நேரத்தில் நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்... மெட்ரோ வாட்டர் லாரி! தேங்கியதை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருந்தால், அடைப்பு சரியாகும்வரை தெரு தாக்குப்பிடிக்கும்.

அந்த லாரிதான் அட்டை. தேங்கிய ரத்தத்தைக் கொஞ்சம் குடிக்கிறது. விட்டுப்போகிற ஹிருடினால் மணிக்கணக்கில் கசிய வைக்கிறது. சில நாட்களில், சுமார் ஒரு வாரத்துக்குள், உடம்பு தானே புதிய மெல்லிய சிரைகளை வளர்த்துக்கொண்டுவிடும். வடிகால் தயார். அட்டைக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

லுப்லியானா நகரத்தில் (அப்போது யுகோஸ்லாவியா, இப்போது ஸ்லோவேனியா) இரண்டு டாக்டர்கள் இந்த யோசனையை 1960ல் எழுதினார்கள். உலகம் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. 1985ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 5 வயதுப் பையன் ஒருவனின் காதை நாய் கடித்துத் துண்டாக்கிவிட்டது. டாக்டர் ஜோசப் அப்டன் மணிக்கணக்காகப் போராடி ஒட்டவைத்தார். காது கறுக்க ஆரம்பித்தது. வேல்ஸ் நாட்டு அட்டைப் பண்ணை ஒன்றிலிருந்து விமானத்தில் அட்டைகளை வரவழைத்து வைத்தார். காது பிழைத்தது! அதன் பிறகு எல்லா ஊர் சர்ஜன்களும் விழித்துக்கொண்டார்கள். 2004ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் அட்டைகளை 'மருத்துவக் கருவி' என்ற பெயரில் விற்க அனுமதி தந்தது. கத்தி, கத்தரிக்கோல் வரிசையில் அட்டை!

அங்கே நர்ஸுகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அட்டை கடிக்க மறுத்தால் ஒரு சொட்டு சர்க்கரை நீரோ, ஊசியால் குத்திய ஒரு சொட்டு ரத்தமோ வைக்கிறார்கள். சுஸ்ருதர் சொன்ன அதே தந்திரம். வைத்த இடத்தில் இருக்காமல் அது ஊர்ந்து போய்விடும் என்பதால் சுற்றிலும் பஞ்சுத் துணியால் வேலி கட்டுவார்கள். அட்டையைத் தூக்கி மெத்தையில் வைத்தாலும் அது இருக்குமா என்ன!

இங்கே ஒரு முக்கியமான நுணுக்கம். விரல் கறுநீலமாக வீங்கினால் அது வடிகால் கோளாறு, அட்டை உதவும். விரல் வெளுத்து, சில்லென்று ஆகிவிட்டால் மேலிருந்தே தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம். அதற்கு அட்டை உதவவே உதவாது. வைத்தாலும் கடிக்க மனமில்லாமல் நகர்ந்துவிடும்.

பேச்சோடு பேச்சாக இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது விரல் துண்டானால், அதை நேராக ஐஸ் மேல் போடாதீர்கள், தண்ணீரிலும் ஊறப் போடாதீர்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு நன்றாகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

'கெட்ட ரத்தம்' எங்கே இருக்கிறது?

மாமி விடவில்லை. "அதெல்லாம் சரி டாக்டர், என் முழங்கால்ல இருக்கிற கெட்ட ரத்தம்?"

நம் வீடுகளில் வேரூன்றிப்போன வார்த்தை இது. அட்டை, அன்னப்பறவை மாதிரி கெட்ட ரத்தத்தை மட்டும் பிரித்துக் குடிக்கும் என்று பழைய ஆயுர்வேத நூலிலேயே உவமை உண்டு. அழகான உவமைதான். ஆனால் உடம்பில் நல்ல ரத்தத்துக்கு ஒரு டாங்க், கெட்ட ரத்தத்துக்கு ஒரு டாங்க் என்று கிடையாது. சிரையில் ஓடும் ரத்தம் கருஞ்சிவப்பாக இருப்பது ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டு வருவதால். ஆபீஸ் முடிந்து களைத்து வருகிறவரைக் 'கெட்டவர்' என்பீர்களா? நுரையீரலுக்குப் போய் மூச்சு வாங்கிவிட்டால் அதே ரத்தம் மறுபடி பளிச்சென்று ஆகிவிடும். கெட்ட ரத்தம் என்று ஒன்று இல்லை. தேங்கிய ரத்தம் என்று ஒன்று இருக்கிறது. அங்கேதான் அட்டைக்கு வேலை.

மாமியின் முழங்காலில் ரத்தம் தேங்கவில்லை. மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது.

"அப்போ நாத்தனாருக்கு எப்படி வலி குறைஞ்சுது? பொய்யா சொல்றா?"

பொய் இல்லை. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் முழங்கால் தேய்மானம் உள்ள 51 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2003ல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு ஒரே ஒரு முறை 4 முதல் 6 அட்டைகள், மற்றவர்களுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல். ஒரு வாரத்தில் அட்டைக்காரர்களுக்கு வலி நன்றாகவே குறைந்திருந்தது. அட்டையின் உமிழ்நீரில் வலியையும் அழற்சியையும் அடக்கும் சரக்கு இருக்கலாம் என்று இதை வைத்து நினைக்கிறார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். அட்டை கடித்ததா, ஜெல் தடவினார்களா என்பது நோயாளிக்கே தெரியுமே! 'பெரிய வைத்தியம் நடந்திருக்கிறது' என்ற நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். தேய்ந்த குருத்தெலும்பு வளர்ந்ததா என்றால், இல்லை. வெரிகோஸ் புண், தோல் வியாதி இவற்றிலும் ஆயுர்வேத, சித்த மருத்துவர்கள் நல்ல பலன் சொல்கிறார்கள். அங்கே வந்திருப்பவையும் சின்னச் சின்ன ஆய்வுகள்தான்.

ஆக, முழங்காலுக்கு அட்டையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மாமிக்குக் கூடாது என்று சொல்வேன். ஸ்டென்ட் அடைத்துவிடாமல் இருக்க மாமி தினமும் இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார், இரண்டும் ரத்தத்தை உறையவிடாமல் வைப்பவை. அதன் மேல் நான்கைந்து அட்டைகளின் ஹிருடின், காலினும் சேர்ந்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்த கசிவு சனிக்கிழமை காலையிலும் நிற்காது. அட்டைக்காரர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுத்த ஃப்ளாட்டுக்குப் போயிருப்பார். "அப்போ அந்த நாலு நாள் மாத்திரையை நிறுத்திட்டா?" என்று கேட்டார் மாமா. அது அதைவிட ஆபத்து! ஸ்டென்ட் வைத்த முதல் வருஷத்தில் டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்து மாரடைப்பு வரலாம்.

இரண்டாவது, ஷுகர். அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற கிருமி நிரந்தரக் குடித்தனம் நடத்துகிறது. குடித்த ரத்தத்தை அது ஜீரணிக்க உதவுகிற கிருமி. நம் சதைக்குள் போனால் சீழ் வைக்கும், மோசமானால் ரத்தத்திலேயே கலந்துவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரிகளில் அட்டை வைக்கும்போதே ஆன்டிபயாடிக்கும் கொடுக்கிறார்கள். 15 வருஷ ஷுகர் உடம்பில் அந்தக் கிருமி சும்மா இருக்குமா? ஷுகரால் காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து விரல் கறுத்துப்போனவர்களுக்கும் இது ஆபத்து. அங்கே கோளாறு வடிகாலில் இல்லை, மேலிருந்து தண்ணீர் வராததில். அட்டை வைத்தால் ஆறாத புண் இன்னொன்று சேரும்.

ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஹீமோஃபீலியா போன்ற உறையாக் கோளாறு உள்ளவர்கள், வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கீமோதெரபி அல்லது ஸ்டீராய்டால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கமே போகக் கூடாது.

மூன்றாவதுதான் எனக்கு நிஜமாகவே பயம் தந்தது. "மாமி, உங்க நாத்தனாருக்கு வெச்ச அட்டையை அவர் என்ன பண்ணினார்?"

"மஞ்சப்பொடி போட்டார். கக்கித்து. அலம்பி மறுபடி பாட்டில்ல விட்டுண்டார்."

அதே பாட்டில்! பழைய காலத்தில் கக்க வைத்துத் திரும்பப் பயன்படுத்தியது உண்மைதான். அப்போது ஹெபடைடிஸ் பி-யும் எய்ட்ஸும் ரத்தத்தால் பரவும் என்பது யாருக்கும் தெரியாது. இன்று மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஓர் அட்டை ஒரே முறைதான், பிறகு ஆல்கஹாலில் போட்டு அழித்துவிடுகிறார்கள். நம் ஊரில் பொறுப்பான சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் ஒருவருக்கு வைத்ததை இன்னொருவருக்கு வைக்கவே மாட்டார்கள். ஒரு ஊசியை ஊரில் எல்லோருக்கும் போடுவீர்களா? அட்டைக்கும் அதே சட்டம்.

நிஜமாகவே அட்டை விடல் செய்துகொள்ள விரும்புகிறவர்கள் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கம் அறிஞர் அண்ணா மருத்துவமனை போன்ற இடங்களில், பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவரிடம் போய் முதலில் யோசனை கேளுங்கள். உங்கள் மாத்திரைச் சீட்டை எடுத்துப் போங்கள். ஹீமோகுளோபின், ஷுகர், ரத்தம் உறையும் நேரம் பார்க்காமல் அட்டையைக் கையில் எடுக்கிறவரிடம் உட்காராதீர்கள். கசிவு நிற்கும்வரை அங்கேயே இருக்கச் சொல்கிறாரா, கட்டு பிரிக்கத் திரும்ப வரச் சொல்கிறாரா என்று பாருங்கள். இத்தனையும் வீட்டு ஹாலில் நடக்கிற காரியமா, நீங்களே சொல்லுங்கள்.

டூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வால்பாறையில் அட்டை ஏறினால் பிய்த்து இழுக்காதீர்கள். உப்போ நெருப்போ வைத்தாலும் வேண்டாம், குடித்ததை அது காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். விரல் நகத்தை வாய்ப் பக்கமாக அடியில் விட்டு, மெதுவாகத் தள்ளி எடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

மாமிக்கு எக்ஸ்ரே எடுத்தோம். நடுத்தரத் தேய்மானம். தொடைத் தசைக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, 10 வரை எண்ணி இறக்குவது. தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதற்கு விடை கொடுத்தாயிற்று. வலி அதிகமான நாளில் பாராசிட்டமால் மட்டும். ஸ்டென்ட்டும் ஷுகரும் உள்ளவர்கள் மருந்துக்கடையில் தானாக வலி மாத்திரை வாங்கினால் இதயத்துக்கும் கிட்னிக்கும் கெடுதல். தினமும் காலையில் நாகேஸ்வர ராவ் பார்க்கில் இரண்டு சுற்று, மாமா துணையோடு.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். 3 கிலோ குறைந்திருந்தது. மாடிப்படி ஏறும்போது மட்டும் வலிக்கிறதாம். நாத்தனாரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாராம், நல்லவேளையாக எல்லாம் நார்மல்.

"அட்வான்ஸ் 500 ரூபாய் திரும்பி வந்ததா?" என்று கேட்டேன்.

மாமா ஃபேனைப் பார்த்தார்.